விண்ணரசி டீச்சரின் டஸ்டர்

விண்ணரசி டீச்சருக்குக் குரல் போனது போன வருஷம் மே மாதம். கழுத்தில் இருந்த கட்டியைத் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். கட்டி போய்விட்டது. குரல் நரம்பு வேலை செய்யவில்லை. அப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்களாம். ஆறு மாதத்தில் திரும்பினாலும் திரும்பலாம், இல்லையென்றால் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று டீச்சர் வழக்கம்போல ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, சமையல்கூடத்து வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்து வாயசைத்தார். காற்று மட்டும் வந்தது. ஆறு வருஷமாகத் தினமும் கேட்கிற கேள்விதான். எனக்குத் தெரியும்.

"தக்காளி சாதம், முட்டை டீச்சர்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போனார்.

நான் அங்கே சத்துணவு சமைக்கிறவள். பெயர் செவ்வந்தி. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர், வாய்க்காலை ஒட்டின தொடக்கப்பள்ளி அது. முப்பத்தொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு மூன்றும் ஒரே அறையில் விண்ணரசி டீச்சரிடம். நாலும் ஐந்தும் அடுத்த அறையில் குணசேகரன் சாரிடம். என் அடுப்புக்கு நேரே ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியே பார்த்தால் டீச்சரின் வகுப்பு முழுதாகத் தெரியும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பேன்.

குரல் இருந்தபோது டீச்சர் பாடம் நடத்துவது வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நடவு நடுகிறவர்களுக்கே கேட்கும். "டீச்சர் மூணாம் வாய்ப்பாட்டுக்கு வந்துட்டாங்க, மணி பதினொண்ணு ஆச்சு, டீக்கு ஆள் அனுப்புங்க" என்று சொல்லிச் சிரிப்பார்கள். முப்பத்திரண்டு வருஷச் சர்வீஸ். முதலில் சீர்காழிப் பக்கம், பிறகு குத்தாலம், கடைசி இருபத்திரண்டு வருஷம் இதே அறை. சொந்த ஊர் பூண்டி மாதா கோயில் பக்கம். கணவர் கிளாட்சன் சர்வேயராக இருந்தவர், இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் அனிட்டா மஸ்கட்டில் நர்ஸ்.

அந்த மகளிடம்தான் தட்டுகிற பழக்கம் ஆரம்பித்தது. தினமும் மத்தியானம் ஒன்றரைக்கு அனிட்டா போன் பண்ணுவாள். டீச்சர் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே, கையில் இருக்கிற டஸ்டரின் மரப்பக்கத்தால் மேசையில் தட்டுவார். ஒரு தடவை தட்டினால் சரி, ஆமாம். இரண்டு தடவை தட்டினால் இல்லை, மறுபடி சொல்லு. சாப்பிட்டியாம்மா என்றால் ஒரு தட்டல். தொண்டை வலிக்குதா என்றால் இரண்டு. வலி இல்லை, மரத்துப்போன மாதிரி இருக்கிறது, அங்கே ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கிறது என்று எனக்கு ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். அதை மகளுக்குத் தட்டிக் காட்ட முடியாது. அதனால் இரண்டு தட்டல்.

வர்ற மே மாதத்தோடு டீச்சருக்கு அறுபது. அதுவரை இந்த அறையிலேயே இருந்து முடித்துக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. பிள்ளைகளின் சிலேட்டில்கூட அதை எழுதி குணசேகரன் சாரிடம் காட்டினார். "இந்த ரூம்லயே முடிச்சிக்கிறேன் சார்." சார் படித்துவிட்டு, "பாப்போம் டீச்சர்" என்றார்.

அறையில் ஸ்மார்ட் போர்டு ஒன்று இருந்தது. வந்து ஒரு வருஷம் ஆகியும் அதன்மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று அதன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஜூலையில் ஒருநாள் டீச்சர் அந்த வேட்டியை எடுத்து நாலாக மடித்து அலமாரியில் வைத்தார். பிறகு பிளாஸ்டிக்கை ஓர் ஓரத்திலிருந்து உரித்தார். சரசரவென்று அது உரிகிற சத்தம் அடுப்படி வரை கேட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

குணசேகரன் சார்தான் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பொறுமை குறைவு.

"டீச்சர், அதை அழுத்தாதீங்க, தொடுங்க. தொட்டா போதும். ஐயோ, அது இல்ல டீச்சர், பக்கத்துல இருக்குறது."

டீச்சர் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முதலில் சிவப்பு விளக்கு. பிறகு வலது ஓரம். பிறகு புத்தகம் மாதிரி படம். மறுநாள் காலையில் எட்டே முக்காலுக்கே வந்து நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்வார். பாடப் பக்கம் திரையில் வரும். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்புவார். திரும்பும்போது முந்தானை திரையில் உரசும். பக்கம் புரண்டுவிடும். திரும்பிப் பார்த்தால் வேறு பாடம். இது நாலைந்து தடவை நடந்தது. முந்தானைதான் காரணம் என்று அவருக்குத் தெரியவில்லை. மிஷின் சரியில்லை என்று நினைத்தார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல இரண்டு நாள் ஆயிற்று எனக்கு. மூன்றாவது நாள் ஒரு ஊக்கை எடுத்துக்கொண்டு போய், அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் குத்திவிட்டு வந்தேன்.

அடுத்தது பேசுகிற வேலை. போனில் தமிழில் டைப் செய்தால் ஒரு பெண் குரல் வாசிக்கும். அதைப் போர்டோடு இணைத்துவிட்டார் சார். டீச்சர் வீட்டில் உட்கார்ந்து மறுநாள் சொல்ல வேண்டியதை எல்லாம் டைப் செய்துகொண்டு வருவார். காலையில் திரையிலிருந்து அந்தப் பெண் பேசுவாள்.

"அனைவருக்கும் காலை வணக்கம். இன்று நாம் நண்டு பாடம் படிப்போம்."

முதல் நாளே மூன்றாம் வகுப்பு செம்மொழி எழுந்து, "டீச்சர், இவங்க கஸ்டமர் கேர் அக்காதானே?" என்றாள்.

அவ்வளவுதான். பின்பெஞ்சில் இருந்து, "நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது நண்டு பிடிக்கப் போயிருக்கிறார்" என்று இளம்பரிதி மூக்கால் பேசினான். இரண்டாம் வகுப்புப் பையன். அறை முழுக்கச் சிரிப்பு.

டீச்சர் டைப் செய்தார். திரைக் குரல், "அமைதி. தயவுசெய்து அமைதி காக்கவும்" என்றது. இன்னும் சிரித்தார்கள். அந்தக் குரலுக்குக் கோபம் வராது. ஏற்ற இறக்கம் எதுவும் வராது. உட்கார் என்பதையும் சபாஷ் என்பதையும் ஒரே மாதிரி சொல்லும்.

சில நாளில் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது. டீச்சர் மேசைப் பக்கம் நிற்பார். போர்டு எதிர்ச் சுவரில். குரல் அங்கிருந்து வருவதால் பிள்ளைகள் அங்கே பார்த்தார்கள். சந்தேகம் கேட்டாலும் போர்டைப் பார்த்துக் கேட்டார்கள். காலையில் போர்டுக்கு வணக்கம் சொன்னார்கள். டீச்சருக்கு வரிசையாகப் பிள்ளைகளின் முதுகுதான் தெரியும். நான் பருப்பைக் கடைந்துகொண்டே பார்த்தேன். டீச்சர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அடுத்த வரியை டைப் செய்தார்.

பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவில்லை. குரல் வாசித்தது, அவர்கள் கேட்டார்கள். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. செப்டம்பரில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. குழுத் தலைவி கயல்விழி, செம்மொழியின் அம்மா. சம்பா நடவு நேரம் என்பதால் காலில் சேறு காய்ந்தபடியே வந்திருந்தாள். எங்கள் சத்துணவு அமைப்பாளர் ஜஸீலா அக்காவும் இருந்தார். நான் டீ கொடுக்கப் போய் ஓரமாக நின்றேன்.

"நான் டீச்சரை ஒண்ணும் சொல்லல" என்று ஆரம்பித்தாள் கயல்விழி. "எங்க வீட்டுக்காரரே இவங்ககிட்ட படிச்சவருதான். ஆனா எம்பொண்ணு மூணாப்பு. நேத்து ரேஷன் கடை போர்டை வாசிடின்னா, யாராச்சும் வாசிச்சா கேக்குறேம்மான்னு சொல்றா."

"புள்ளைங்க வாசிக்கலன்னா டீச்சர் என்ன பண்ணுவாங்க கயலு, தொண்டையா மாத்திவைக்க முடியும்?" என்றார் ஜஸீலா அக்கா.

"அதான் நானும் கேக்குறேன். முடியலன்னா ரெஸ்ட் எடுத்துக்கட்டும்னுதானே சொல்றோம். வேற டீச்சர் போடுவாங்கல்ல. ரெண்டு வீட்டுல வேன் ஸ்கூல்ல கேட்டுட்டு வந்துட்டாங்க. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

டீச்சர் சிலேட்டை எடுத்தார். எழுதினார். சுற்றிக் காட்டினார். "கல்வி ஆபீசர் பிப்ரவரியில் ஆய்வுக்கு வருவார். அவர் முன்னால் வாசிக்க வைக்கிறேன்."

"வாசிச்சிட்டா?" என்றார் குணசேகரன் சார்.

"வாசிச்சிட்டா நாங்க ஏன் சார் மனு எழுதப்போறோம்" என்றாள் கயல்விழி. "வாசிக்கலன்னா ஆபீசர் கையிலேயே குடுத்துருவோம். டீச்சர், கோவிச்சுக்காதீங்க."

டீச்சர் மேசையில் விரலால் ஒரு தடவை தட்டினார். சரி என்று அர்த்தம். அது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் இரண்டு மணிக்கு நான் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது டீச்சர் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தோடு வந்தார். ஒரு சீட்டு நீட்டினார். "நீ வாசி. போனில் பிடித்துக்கொள்கிறேன். மனுஷக் குரல் வேண்டும்."

"எனக்கு வராது டீச்சர்" என்றேன்.

நான் ஏழாவதில் நின்றவள். அம்மாவோடு நடவுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு வாசித்தது முட்டை வருகிற சீட்டும், கல்யாணப் பத்திரிகையும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது.

"குணசேகரன் சார் வாசிக்கலாமே டீச்சர்?"

இரண்டு தட்டல். பிறகு எழுதினார். "அவருக்கு ரெண்டு வகுப்பு. நேரமில்லை. உன்னைத் தவிர ஆள் இல்லை செவ்வந்தி."

பிள்ளைகளை வேப்பமரத்தடியில் எழுத உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். வகுப்பறையில் எதிரொலித்தது. வராந்தாவில் காகம். கடைசியில் ஸ்டோர் ரூமுக்குள் போனோம். அரிசி மூட்டைகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்ததால் வெளிச் சத்தம் உள்ளே அதிகம் வரவில்லை. நான் ஒரு மூட்டையில், டீச்சர் எதிர் மூட்டையில். நடுவில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் போனை வைத்தார். டஸ்டர் கையில் இருந்தது. அதை அவர் எங்கேயும் விடுவதில்லை. சிவப்புப் பொத்தானைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான் படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று கேட்டுவிட்டுத்தான் படிக்க வேண்டும். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"டீச்சர், படிக்கட்டுமா?"

டீச்சர் டஸ்டரால் டின்னின் விளிம்பில் ஒரு தடவை தட்டினார்.

படித்தேன். நீளமான சொல் வந்தால் நின்றேன். ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். தட் தட் என்று இரண்டு தட்டல். திரும்பி வந்து அந்த வரியைப் படித்தேன். மூன்று பக்கம் முடிப்பதற்குள் ஆறு தடவை அப்படி ஆயிற்று. எனக்கு முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

"இதெல்லாம் வெட்டி எடுத்துரலாம்ல டீச்சர்?"

நோட்டைப் புரட்டிப் பார்த்தார். வெட்டுவது அதில் இல்லை. குணசேகரன் சாரைக் கேட்டதற்கு, "அதுக்கு வேற ஆப் இருக்கு டீச்சர், அப்பறம் சொல்லித்தர்றேன்" என்றார். அந்த அப்புறம் வரவில்லை. அதனால் அப்படியே போட்டார்.

மறுநாள் காலையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக என் குரல் வந்தது. டீச்சர், படிக்கட்டுமா. ஒரு தட்டல். நான் கையை அப்படியே தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏ, செவ்வந்தி அக்காடா!"

"அக்கா வாசிக்குது! சாப்பாட்டு அக்கா!"

பிறகு நான் ஒரு வரியை விட்ட இடம் வந்தது. தட் தட். நான் திரும்பிப் படித்தேன். பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள். செம்மொழி ஓடிவந்து என் ஜன்னலில் தொங்கினாள்.

"அக்கா, நீ தப்பு வுட்டுட்ட. டீச்சர் கண்டுபுடிச்சிட்டாங்க."

"போய் உக்காரு" என்றேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கு இரண்டாம் தடவை போட்டபோது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். நான் எங்கே தவறுவேன் என்று விரலை வைத்துப் பார்த்தார்கள். தட்டல் வருவதற்கு முன்பே, "தப்பு!" என்று கத்தினார்கள். கத்தியவன் எழுந்து நின்று சரியாக வாசிக்க வேண்டும். இதை டீச்சர் எழுதிப் போடவில்லை. அவர்களாக ஆரம்பித்தது. டீச்சர் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் போர்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இப்போது பிள்ளைகள் போர்டைப் பார்த்தாலும் அவரைத்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபரிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு ஸ்டோர் ரூம். நான் வேண்டுமென்று எதையும் தவறவிடவில்லை. எனக்குத் தவறியது, அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பு எனக்குச் சரளமானது. அப்போது டீச்சர் பழைய பாடத்தை விட்டுவிட்டுக் கடினமான பாடமாக எடுத்து வந்தார். ஏன் என்று எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஆரம்பத்தில், டீச்சர், படிக்கட்டுமா என்று வாயில் வந்துவிடும். டின்னில் ஒரு தட்டல் விழும். அதில்லாமல் எனக்குப் படிக்க வரவில்லை.

நவம்பரில் ஆறு மாதம் முடிந்தது. டீச்சர் தஞ்சாவூர் போய்விட்டு வந்தார். "என்ன சொன்னாங்க டீச்சர்?" என்று கேட்டேன். டஸ்டரை எடுத்தார். தட்டவில்லை. புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டினார். நான் படிக்க ஆரம்பித்தேன்.

பொங்கல் கழிந்து அறுப்பு மிஷின்கள் வந்தன. பள்ளிக்கூடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் வயல். மிஷின் ஓடினால் ஸ்டோர் ரூமுக்குள்ளும் கேட்கும். அது வரப்பு திரும்பி தூரம் போகிற வரை காத்திருந்து நாலு வரி, திரும்பி வந்தால் நிறுத்தி உட்கார்ந்திருப்போம். ஒரு பாடத்தில் முழுக்கவே அந்தச் சத்தம் இருக்கிறது. அதைத்தான் பிள்ளைகள் அடிக்கடி போடச் சொல்வார்கள்.

ஆபீசர் பிப்ரவரி முதல் வாரம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அதட்டுகிற ஆள் இல்லை. கயல்விழியும் இன்னும் மூன்று பெற்றோரும் வராந்தாவில் நின்றார்கள். கயல்விழி கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. நான் அன்று முட்டையை முன்கூட்டியே அவித்து இறக்கிவிட்டு ஜன்னலில் நின்றுகொண்டேன்.

"நீ வாம்மா. உன் பேரென்ன? செம்மொழியா? நல்ல பேரு. இந்தப் பக்கத்தைப் படி" என்றார் ஆபீசர்.

செம்மொழி எழுந்து புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தாள்.

"டீச்சர், படிக்கட்டுமா?"

பிறகு நின்றுகொண்டே இருந்தாள்.

"ம், படிம்மா" என்றார் ஆபீசர்.

அவள் படிக்கவில்லை. வராந்தாவில் கயல்விழி, "படிடி!" என்று பல்லைக் கடித்தாள். செம்மொழி டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆபீசர் குணசேகரன் சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார்.

டீச்சர் டஸ்டரால் மேசையில் ஒரு தடவை தட்டினார்.

செம்மொழி மடமடவென்று படித்தாள். பக்கம் முடிந்தது. அடுத்து இளம்பரிதி. அவனும், டீச்சர், படிக்கட்டுமா. ஒரு தட்டல். நடுவில் ஒரு சொல்லை விழுங்கினான். இரண்டு தட்டல். தயங்காமல் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து படித்தான். முகம் வாடவில்லை. ஏதோ விளையாட்டில் ஒரு கட்டம் பின்னால் வைத்து ஆடுகிற மாதிரிப் படித்தான்.

ஆபீசர் பையிலிருந்து வேளாண்மைத் துறை நோட்டீஸ் ஒன்றை எடுத்தார். யாருக்கும் தெரியாத தாள். அதையும் படித்தார்கள். பதினாறு பேரில் பதிமூன்று பேர் படித்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுத்துக் கூட்டி ஒரு வரி படித்துவிட்டு, "இன்னும் படிக்கட்டுமா டீச்சர்?" என்றது.

போர்டில் பாடத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார். என் குரல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது யார் வாய்ஸ்?"

எல்லாப் பிள்ளைகளும் ஜன்னலைக் காட்டினார்கள். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில், தரையில். "அக்கா ஒளிஞ்சிக்கிச்சு சார்" என்று இளம்பரிதி சொல்வது கேட்டது.

ஆபீசர் மூன்று தடவை "அருமை டீச்சர்" என்றார். போனில் வீடியோ எடுத்துக்கொண்டார். வராந்தாவில் கயல்விழி அந்தத் தாளை இன்னும் சின்னதாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று பிள்ளைகள் முட்டையை இரண்டாகப் பிய்த்து ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டுச் சாப்பிட்டார்கள். டீச்சர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றரைக்கு மகள் போன் செய்தாள். ஒரு தட்டல். ஒரு தட்டல். ஒரு தட்டல்.

உத்தரவு மூன்று வாரம் கழித்து வந்தது. குணசேகரன் சார் போனைப் பார்த்து வராந்தாவில் நின்று வாசித்தார். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சத்தமாக வாசித்தார்.

"விண்ணரசி டீச்சருக்கு மாற்றுப் பணி. வட்டார வள மையத்துல. டவுன்ல. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இந்த மாதிரி ஆடியோ பாடம் தயார் பண்ற வேலை. திங்கக்கெழமையிலேருந்து. டீச்சர், உங்கள எவ்ளோ பாராட்டி எழுதியிருக்காரு பாருங்க."

டீச்சர் போனை வாங்கி அவரே ஒரு தடவை படித்தார்.

"இங்க யாரு சார்?" என்றார் ஜஸீலா அக்கா.

"இங்கதான் பாடம் எல்லாம் ரெக்கார்டு ஆயிருச்சே. நான் ரெண்டு ரூமையும் பாத்துக்குவேன். ஜூன்ல புது ஆள் போடுவாங்களாம். மூணு மாசந்தானே."

"நல்லதாப் போச்சு டீச்சர்" என்றார் ஜஸீலா அக்கா. "இந்த வெயில்ல ஸ்கூட்டி ஓட்டிக்கிட்டு, இந்த வாலுங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு. அங்க ஏசி இருக்கும். யாருகிட்டயும் பேசவே வேணாம்."

டீச்சர் தூணில் டஸ்டரால் இரண்டு தடவை தட்டினார். பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குணசேகரன் சாருக்குப் புரியவில்லை. "என்ன டீச்சர்?" என்றார். டீச்சர் இன்னொரு முறை இரண்டு தடவை தட்டினார். பிறகு போனை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஆபீசருக்குக் கடிதம் எழுதினார். நான்தான் தபால் பெட்டியில் போட்டேன். பதில் சனிக்கிழமை போனில் வந்தது. உங்கள் உடல்நிலையைக் கருதித்தான் செய்தேன் டீச்சர், நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை என்று இருந்தது. டீச்சர் அந்தக் கடிதத்தில் என்ன எழுதினார், அவர் என்ன படித்தார் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் கயல்விழி வந்தாள். டீச்சர் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"நாங்க மனு குடுக்கல டீச்சர். சத்தியமா குடுக்கல. கிழிச்சி அடுப்புல போட்டுட்டேன்."

டீச்சர் அவள் தோளில் ஒரு தடவை தட்டினார். வேட்டியை எடுத்துப் போர்டை மூடப் போனவர், என்ன நினைத்தாரோ, மூடாமல் மடித்து வைத்தார். டஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டார். சமையல்கூடத்து வாசலில் வந்து நின்று வாயசைத்தார். அன்று சனிக்கிழமை, சமையல் கிடையாது.

"திங்கக்கெழம கொண்டக்கடலை சாதம் டீச்சர்" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் குணசேகரன் சார் வந்து போர்டைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார். என் குரல் கேட்டது. டீச்சர், படிக்கட்டுமா. டின்னில் ஒரு தட்டல். பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தார்கள். நாற்காலி போர்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை. நான் கடலையை வேகப்போட்டேன். மனசில் ஒன்றும் தோன்றவில்லை. உப்புப் போட்டேனா என்று மட்டும் சந்தேகம் வந்தது.

மார்ச் இரண்டாம் வாரம் டீச்சரிடமிருந்து என் போனுக்கு வாட்ஸாப்பில் ஒரு பாடம் வந்தது. கீழே எழுதியிருந்தார். "செவ்வந்தி, இங்கே வெட்டுவதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டேன். தட்டுகிற சத்தத்தையும் தப்புகளையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எல்லாப் பாடத்தையும் அப்படிச் செய்து கொடுக்க வேண்டும். முதல் பாடம் முடித்திருக்கிறேன். கேட்டுப் பார். நம் பள்ளியில் பழசை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்லி சாருக்கு அனுப்பட்டுமா?"

இரண்டு மணி. ஸ்டோர் ரூமுக்குள் போய் மூட்டையில் உட்கார்ந்து கேட்டேன். நண்டு பாடம். நேராகப் பாடத்தின் பெயரில் ஆரம்பித்தது. நான் எங்கேயும் நிற்கவில்லை. எந்த வரியையும் விடவில்லை. யாரோ நன்றாகப் படித்தவள் வாசிக்கிற மாதிரி இருந்தது. ஐந்து நிமிஷப் பாடம் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. டீச்சர் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார். எங்கே வெட்டினார் என்றே தெரியவில்லை.

இன்னொரு தடவை கேட்டேன். அதில் டீச்சர் எங்கேயும் இல்லை.

எனக்குப் பதில் எழுத வரும். வாசிக்கப் பழகியதில் எழுத்தும் கொஞ்சம் வந்திருந்தது. எழுத நினைத்து இரண்டு சொல் எழுதி அழித்தேன். அழிப்பதும் ஒருவகையில் வெட்டுவதுதான் போலிருக்கிறது, தடம் தெரியவில்லை. பிறகு மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் டின்னைப் பக்கத்தில் இழுத்து, கரண்டிக் காம்பால் விளிம்பில் இரண்டு தடவை தட்டினேன். விரலை எடுத்தேன். போய்விட்டது.

இரண்டு கோடும் நீலமாயிற்று. டீச்சர் கேட்டுவிட்டார். மேலே ‘டைப்பிங்’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது. ஒன்றும் வரவில்லை. நான் அண்டாவைத் தேய்க்கப் போனேன்.

மறுநாள் ஒன்பதேகாலுக்கு குணசேகரன் சார் சமையல்கூடத்துப் பக்கம் வந்தார்.

"செவ்வந்தி, டீச்சர் புதுசா பாடம் அனுப்புறாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் வரல. ஒனக்கு எதாச்சும் வந்துதா?"

"இல்ல சார்" என்றேன்.

"சரி, வந்தா பாத்துக்கலாம். இப்ப பழசையே போட்டுர்றேன்."

போட்டுவிட்டுப் போனார். என் குரல் கேட்டது. பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்காமல் காத்திருந்தார்கள். டின்னில் ஒரு தடவை தட்டல் விழுந்தது. திறந்தார்கள்.